நாள் தவறினால் என்ன நடக்கும் என்று கேட்டவர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் தொடங்கியபோது நான் ஒருவருக்குத் துபாய் டிக்கட் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அறிவித்தலில் இறந்தவரின் பெயர் கடைசியில்தான் வரும். அதற்குமுன் தகப்பன் யார், எந்தத் தெரு, என்ன தொழில் என்றெல்லாம் சொல்வார்கள். "விமான டிக்கட் ஏஜென்ட்" என்று கேட்டதும் என் கை நின்றுவிட்டது. எங்கள் தெருவில் அந்தத் தொழிலுக்கு இரண்டே பேர். ஒருவன் நான். நான் உயிரோடுதான் இருந்தேன்.

ஜுனைதீன் காக்கா விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இதை வாசிக்கிற உங்களில் பலரின் முதல் வெளிநாட்டுப் பயணம் அவருடைய மேசையிலிருந்துதான் தொடங்கியிருக்கும். உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவருடைய எதிர்க்கடைக்காரனுக்கு மட்டும் தெரிந்த சில விடயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது.

அவர் பெரிய விமானக் கம்பனி ஒன்றின் பழைய ஏஜென்ட். நான் அவருக்கு நேர் எதிரே மலிவு விமானங்களின் டிக்கட் விற்கக் கடை திறந்தேன். முதல் நாளே வீதியைக் கடந்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சாப்பாடு குடுப்பாங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா."

"பேக் எவ்வளவு?"

"கையில ஏழு கிலோ."

"ஏழு கிலோவா? நம்மட ஆக்கள்ர கருவாட்டுப் பார்சலே ஏழு கிலோ வருமே" என்றார். பிறகு என் கடையிலேயே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அவருடைய கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பாஸ்போட்டை வாங்கமாட்டார், எந்த ஊருக்கு என்றுகூடக் கேட்கமாட்டார். முதல் கேள்வி, "போற நாள் தவறினா என்ன நடக்கும்?" என்பதுதான். வேலை போய்விடும், விசா முடிந்துவிடும் என்றால் கதிரையைக் காட்டுவார். "ஒண்டுமில்ல காக்கா, ராத்தாவப் பாக்கத்தான் போறன், அடுத்த கிழமையும் போகலாம்" என்றால் கையை நீட்டி என் கடையைக் காட்டுவார். "அந்தா, றமீஸ்ட கடைக்கிப் போங்க. இஞ்ச சும்மா கூடக் காசு குடுக்காதீங்க." தன் வாடிக்கையாளரைப் போட்டிக்காரனிடம் அனுப்புகிற மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை. அவருக்குத் தலையில் ஏதோ கழன்றுவிட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான். சிரித்துக்கொண்டே அவர் அனுப்பிய ஆட்களுக்கெல்லாம் டிக்கட் போட்டேன்.

அந்தச் சிரிப்பு நின்ற நாளைச் சொல்கிறேன். பொத்துவிலைச் சேர்ந்த ஹபீபா ரியாத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய உம்மா கடைசி நிலையில் இருந்தார். ஹபீபாவின் தம்பி என்னிடம் வந்து, ராத்தாவை எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்றான். நான் இரண்டு மலிவுக் கம்பனிகளின் டிக்கட்டுகளை இணைத்து, இடையில் ஒரு நகரத்தில் மாறி வரும்படி போட்டுக்கொடுத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதல் விமானம் பிந்தியது. இரண்டாவது அவரை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு கம்பனிகள் என்பதால் இருவருமே பொறுப்பெடுக்கவில்லை. மாற வேண்டிய விமான நிலையத்திலேயே ஹபீபா மாட்டிக்கொண்டார். வெளியே போக விசா இல்லை, ஊருக்கு வர விமானம் இல்லை. காலை பத்து மணிக்கு அழுதுகொண்டே எனக்குப் போன் எடுத்தார். நான் கம்பனியைப் பிடிக்கப் பார்த்தேன். மனிதர் எவரும் கிடைக்கவில்லை. "உங்கள் பயணம் எங்களுக்கு முக்கியமானது" என்று போன் திரையில் ஒரு இயந்திரம் திரும்பத் திரும்பப் பதில் எழுதியது.

வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வீதியைக் கடந்தேன். காக்கா யார் பிழை என்று கேட்கவில்லை. அந்த விமான நிலையத்தில் அவருடைய கம்பனி அதிகாரி ஒருவர் இருந்தார், மலையாளி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதேயில்லை. இருபது வருடமாகப் போனிலேயே சிநேகம். "ஒரு புள்ள அங்க அந்தரப்பட்டு நிக்கிது. உம்மா காத்திட்டிரிக்கா. உங்கட அடுத்த பிளேன்ல ஏத்துங்க, மத்த வேலய நான் பாக்கிறன்" என்றார். பின்னேரம் அசர் தொழுகைக்குமுன் ஹபீபா ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஊர் வந்து உம்மாவின் வாயில் தன் கையால் தண்ணீர் வைத்தார். அதற்குப் பிறகு நான்கு நாட்கள்தான் அந்த உம்மா இருந்தார்.

என் பிழையைக் காக்கா எவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "நீ விலையக் கேட்டாய் றமீஸ். நாளக் கேக்கல்ல."

பிறகு அவருக்கே இறங்குமுகம் வந்தது. மலிவு விமானங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போக, அவருடைய பெரிய கம்பனி பயந்துபோய் தானும் பேக் இல்லாத டிக்கட், சாப்பாடு இல்லாத டிக்கட் என்று இறக்கியது. கொழும்பில் ஏஜென்டுகளைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. துணைக்கு வா என்று அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். இந்த மலிவுக் கம்பனிகளோடு போட்டியிட்டு நாங்கள் தாக்குப்பிடிக்க முடியுமா என்று அதிகாரி ஒருவர் கேட்டார். காக்கா எழும்பினார்.

"விலையில அவங்கள வெல்லேலா சேர். அவங்க சீட்ட விக்கிறாங்க. நீங்க இவ்வளவு காலமும் ஆள வீடு சேக்கிறத வித்தீங்க. நீங்களும் வெறும் சீட்டத்தான் விக்கப் போறீங்க எண்டா, மலிவா விக்கிறவன்தானே வெல்லுவான்?"

பின்வரிசை ஏஜென்டுகள் கைதட்டினார்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை. "அவங்களும் கெட்டவங்க இல்ல. அவங்க வந்துதான் ஏழ உம்மாமாரும் பிளேன்ல ஏறினாங்க. நீங்க அப்பவே கொஞ்சம் இறங்கி வந்திரிக்கணும்." தன் கம்பனியின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல அவரால்தான் முடியும். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எதிர்க்கட்சி என்பதே மறந்துபோனது.

ஆனால் கைதட்டல் கடை வாடகைக்கு உதவாது. ஒரு வருடத்துக்குள் அவரால் கடையைத் தனியாக நடத்த முடியவில்லை. மூடப் போகிறார் என்று ஊரே எதிர்பார்த்திருந்த நாளில், மேசையைத் தலையில் ஏற்றிய இரண்டு கூலியாட்களோடு என் கடைக்குள் வந்தார். "நாள் தவறினாலும் பரவாயில்ல எண்டிறவன் ஒனக்கு. தவறக் கூடாதெண்டிறவன் எனக்கு. சரியா?" என்றார். பெரிய கம்பனிகள் கூட்டம் போட்டும் கண்டுபிடிக்காத வழியை அவர் வீதியைக் கடந்துவந்து கண்டுபிடித்துவிட்டார். எங்கள் கடை இன்றும் பிழைத்திருப்பது அதனால்தான். குறையே இல்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். எல்லாம் போனிலேயே இருக்கும் காலத்திலும் ஒவ்வொரு டிக்கட்டையும் மூன்று பிரதி தாளில் எடுப்பார். மை முடிந்தால் என்னைத்தான் ஏசுவார்.

அவருடைய மூத்த மகன் அஸாம் கட்டாரில் இருக்கிறான். ஜனாஸா அறிவித்தல் முடிந்த கையோடு எனக்குப் போன் எடுத்தான். பெரியது, சின்னது என்று எல்லா விமானங்களையும் பார்த்தேன். எதில் ஏறினாலும் கட்டுநாயக்கவில் இறங்கவே பொழுது பட்டுவிடும். ஜனாஸாவை வைத்திருக்கக் கூடாது என்று குடும்பம் முடிவெடுத்தது. அசருக்குப் பிறகு அடக்கினோம். நானும் மூன்று பிடி மண் போட்டேன். கடைக்குத் திரும்பியபோது அஸாம் மறுபடி எடுத்தான். டிக்கட் போடச் சொன்னான். பழக்க தோஷம், அந்தக் கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"நாள் தவறினா என்ன நடக்கும் மகன்?"

"இனி என்ன நடக்க சாச்சா. தவற வேண்டிய நாள் தவறிட்டுது. மலிவானதயே போடுங்க."

அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. "ஒன்ட உம்மா காத்திட்டிரிக்கா" என்று சொல்லி, அவனுடைய வாப்பாவின் கம்பனியிலேயே போட்டேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். முன்பு நான் அதை மற்றவர்களிடம் கேட்கும்போது எனக்கு வலித்ததில்லை. இனி அப்படிக் கேட்க முடியாது. டிக்கட்டைத் தாளில் மூன்று பிரதி எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன்.