பார்க்காத கோப்பு

பார்க்காத கோப்பொன்றைப் பார்த்ததாக எழுதினேன். இதுதான் என் குற்றம். அடிக்குறிப்பில் அதன் எண்ணைக்கூடப் பிழையில்லாமல் போட்டிருந்தேன்!

நீங்களும் நம்பியிருப்பீர்கள்... அடிக்குறிப்பை யார் போய்ச் சரிபார்க்கிறார்கள்?

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். சமஸ்தான காலத்தில் வரியை எதிர்த்துச் சிறை சென்றவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காக, டெல்லியில் மத்திய அரசின் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அட்டவணையில் ஒரு வரி இருந்தது: ஆவூர் சவரிமுத்து, வெள்ளைக்கார அதிகாரிக்கு அனுப்பிய மனு. சீட்டு எழுதிக் கொடுத்தேன். தாள் தொட்டாலே உதிர்கிறது, செப்பனிட்ட பிறகுதான் தர முடியும் என்றார்கள். மறுநாள் எனக்கு ரயில்.

அந்த வரியை விட்டிருக்கலாம்... விடவில்லை. கூட்டாளிகள் எல்லாரும் உள்ளே கிடக்க, சவரிமுத்து மட்டும் முன்னதாக வெளியே வந்தவர். போதாததற்கு மனு வேறு! மன்னிப்புக் கேட்டு, கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து விடுதலை பெற்றார் என்று எழுதிவிட்டேன். புத்தகத்தில் எல்லாரும் பாராட்டிய பக்கம் அதுதான். எனக்கும் பெருமையாக இருந்தது.

சவரிமுத்துவின் பேத்தி ஸ்டெல்லா, ஆவூரில் டீச்சர். புத்தகம் வந்த கையோடு கல்லூரிக்கு வந்து என் முன் நின்றார்.

"சார், அந்த மனுவ ஒங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

நாக்கு கூசவில்லை.

சென்ற ஆண்டு அந்தக் கோப்பைச் செப்பனிட்டு இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே திறந்தேன். ஒரே ஒரு தாள். காய்ச்சல் முற்றியதால் தம்மை வெளியே அனுப்பிவிட்டார்கள், கைதானபோது பிடித்துக்கொண்டுபோன உழவு மாடுகளைத் திருப்பித் தரவேண்டும்... அவ்வளவே மனு! மன்னிப்பு இல்லை. யார் பெயரும் இல்லை.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்து போய்ச் சோறு சாப்பிட்டேன். அந்தத் தாளைக் கைபேசியில் சேமித்தும் வைத்தேன். எதற்கு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஸ்டெல்லா டீச்சர் தாமாகவே வந்து வணக்கம் சொன்னார்.

"அப்பா தவறிட்டாருங்க சார். ஒங்க புத்தகத்தப் படிச்ச அன்னிக்கே தாத்தா படத்தக் கழட்டிப் பரண்ல போட்டாரு. கடைசி வரைக்கும் எறக்கவே இல்ல."

கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"இப்ப வெள்ளையடிச்சிருக்கோம். ஆணி மட்டும் அப்படியே இருக்கு... அந்தப் படத்த மறுபடி மாட்டலாமாங்க சார்?"

என்னிடம் கேட்கிறார்... என்னிடம்! கைபேசி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும்.

"அது ஒங்க விருப்பம் டீச்சர்" என்றேன்.

"சரிங்க சார்" என்றார்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் படம் இப்போது பரணில் இருக்கிறதா, ஆணியில் இருக்கிறதா? நான் கேட்கவில்லை. ஆவூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதுமில்லை.