ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

விதுஷாவும் நானும் பதுளையில் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் வேலை செய்கிறோம். தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் அவள். சாதாரண தரப் பரீட்சை முடித்ததும் அம்மா நல்லம்மா அவளைக் கொழுந்து பறிக்க விடாமல் பிடிவாதமாகக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பினார். நானோ டவுனில் புடவைக் கடைக்காரரின் மகள். தோட்டம் என்றால் எனக்கு பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பச்சை, அவ்வளவுதான். இதை அவள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாள். டவுனுக்கு வந்து அவள் சதை போட்டதை நானும் சொல்லிக்காட்டுவேன்.

எங்கள் நிறுவனத்தின் வேலை மழைக் காலத்தில் தோட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்புவது. மேலிடத்திலிருந்து சிங்களத்தில் வரும் அறிவிப்பை செயற்கை நுண்ணறிவு நொடியில் தமிழாக்கும். பிறகு அதையே குரலாக்கி, ஒரே நேரத்தில் எல்லா ஃபோன்களுக்கும் அழைப்பு எடுத்துப் பேசும். எங்கள் பொறுப்பாளர் ஷிபானுக்கு அந்த மெஷின் மீது மாப்பிள்ளைப் பாசம். அது தவறே செய்யாது என்பார்.

முதல் மழைக்கே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. "மண்சரிவு அபாயம் காரணமாகக் குடியிருப்பாளர்கள் உடனடியாக வெளியேறவும்" என்று அது செய்தி வாசிப்பவரைப் போலப் பேசியது. விதுஷாவின் தோட்டத்தில் ஒருவர்கூட வெளியேறவில்லை. நல்லம்மா கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். எனக்கு எரிச்சலாக இருந்தது. உயிரைக் காப்பாற்றத்தானே சொல்கிறோம், இவர்களுக்கு என்ன பிடிவாதம் என்று கேட்டேன்.

"அக்கா, எங்காளுங்களுக்கு 'வெளியேறவும்'னா மழ ஞாபகம் வராது," என்றாள் விதுஷா. "காம்பராவ விட்டுத் தொரத்துறதுதான் ஞாபகம் வரும்."

காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறை, அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். படித்த தமிழ்தானே என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டிய வார்த்தை அது.

அதன் பிறகு மெஷினை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் கொடுத்து லயத்துப் பேச்சை அதற்குப் பழக்கினாள். அடுத்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடுவதைப் பெரட்டு என்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்வார். காய்ச்சல் என்றாலும் பெரட்டுக்கு மட்டும் ஆள் தப்பாது. சின்ன வயதில் விதுஷா பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கணக்கப்பிள்ளை மாதிரியே அதட்டிப் பேர் கூப்பிட்டு விளையாடுவாளாம். அந்த அதட்டலை இப்போது மைக்கில் பேசிப் பதிந்தாள். மெஷின் அதை ஓர் ஆண் குரலாக்கித் தந்தது. கேட்டபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவள் தோட்டத்துக்கான புதிய செய்தி இதுதான்: "பெரட்டு. எல்லாரும் பெரட்டுக்கு வாங்க. ஸ்கூல் மைதானத்துக்கு வாங்க." பள்ளிக்கூடம் பாறை மேல் இருக்கிறது, பாதுகாப்பான இடம். ஷிபான் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் போல அந்தத் தோட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. விதுஷா பொத்தானை அழுத்தினாள். சற்று நேரத்தில் கீழ் ரோட்டிலிருந்து எங்கள் தொண்டர் பேசினார். குடை, மழைக்குப் போர்த்திய படங்கு, கைக்குழந்தை சகிதம் லயமே காலி என்றார். ஷிபான் கைதட்டினார். நான் விதுஷாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் பெருமை தாங்காமல் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, நாங்களும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டாள்.

"ஸ்கூலுக்குப் போய்ச் சேந்துட்டீங்களாம்மா?"

"ஸ்கூலா? பெரட்டுக்களத்துலதான் நிக்கிறோம். கணக்கப்பிள்ள ஐயாவத்தான் இன்னும் காணோம்."

விதுஷாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பெரட்டுக்களம் எங்கே என்று நான் கேட்டேன். சரியும் என்று எச்சரித்த, வெடிப்பு விட்டிருக்கிற மலைக்கு நேர் கீழே என்றாள். லயமாவது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. களம் அந்தச் சரிவின் காலடியில். பெரட்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஆட்கள் ஃபோனை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். பெரட்டு எங்கே நடக்கும் என்று யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா அவர்களுக்கு? வீட்டில் இருந்தவர்களை நாங்களே கூப்பிட்டு மண்ணுக்கு அடியில் நிறுத்தியிருக்கிறோம்.

உடனே ஸ்கூலுக்குப் போகச் சொல்லி மெஷினை மறுபடி பேச வைத்தோம். யாரும் எடுக்கவில்லை. நனைந்துவிடும் என்று எல்லோரும் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மகள் பேசுவாள் என்று நல்லம்மா மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகி வந்திருக்கிறார். மலையில் ஒரு ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த ஒரு ஃபோன்தான் இருந்தது. தொண்டர் மேலே ஏறுகிறேன் என்றார், ஆனால் பாலத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

விதுஷா கெஞ்சினாள், கத்தினாள், அழுதாள். அம்மா அசையவில்லை.

"பேரு கூப்புடாம எப்புடிடி போறது? போனா பேர வெட்டிருவாங்க. ஞாயித்துக்கெழம கூப்புட்டிருக்காங்கன்னா சும்மாவா?"

பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். வேலை நிறைந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், பெரட்டில் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இதெல்லாம் விதுஷா எனக்குப் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்தக் கிழவியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போக ஒரு ஆள் அங்கே இல்லையே! அவ்வளவு கோபம் வந்தது. கோபப்பட வேண்டியது அந்த அம்மா மேல் அல்ல என்பதும் அதே நேரம் தெரிந்தது.

விதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, ஃபோன லவுட்ஸ்பீக்கர்ல போட்டு ஒசத்திப் புடிங்க. ஐயா பேரு கூப்புடப் போறாரு," என்றாள். பிறகு மெஷினைத் திறந்து கணக்கப்பிள்ளைக் குரலை எடுத்து, தட்டச்சு செய்யத் தொடங்கினாள். நான் அவள் ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"முருகையா. குடும்பத்தோட ஸ்கூலுக்கு."

மழைச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வந்தேங்க." அதோடு சேற்றில் செருப்புகள் நகரும் சத்தம்.

மேல் லயத்தின் முதல் காம்பராவிலிருந்து வரிசையாக, கதவு கதவாக அவள் ஞாபகத்தில் நடந்துபோனாள். ஒவ்வொரு பேராக அடித்தாள், மெஷின் அதட்டியது, ஒவ்வொரு குடும்பமாக நகர்ந்தது. ஒரு பேருக்குப் பதில் வரவில்லை. அவர் செத்து வருஷமாச்சுங்க ஐயா என்று யாரோ பணிவாகச் சொன்னார்கள். விதுஷா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பேரை அடித்தாள். நடுவில் யாரோ மலையிலிருந்து தண்ணீர் கலங்கலாக வருகிறது என்றார்கள், மண் இளகுவதற்கு அது அடையாளம். ஓடுங்கள் என்று நான் கத்த வாயெடுத்தேன், ஷிபான் என் தோளை அழுத்தினார். நடுவில் என் குரல் கேட்டால் பேசுவது ஐயா இல்லை என்று தெரிந்துவிடும்.

ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நல்லம்மா. அதனால் அவர் கடைசி வரை அங்கே நிற்க வேண்டியிருந்தது. இது விதுஷாவுக்கு முதல் பேரிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் மற்றவர்கள் பேரையெல்லாம் அடித்தாள். பக்கத்தில் நின்று அதைப் பார்த்த எனக்கு அந்த விரல்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

"அம்மா, எல்லாரும் போயாச்சு. நீங்களும் போங்க, ஓடுங்க."

"எம் பேரு இன்னும் வரலயே."

அவள் அடித்தாள். மெஷின் அதட்டியது.

"நல்லம்மா. ஸ்கூலுக்கு."

"வந்தேங்கய்யா," என்றார் நல்லம்மா.

மகள் செய்த குரலுக்கு அம்மா ஐயா போட்டார். விதுஷா கன்னத்தில் அறை வாங்கியவள் போல உட்கார்ந்திருந்தாள். ஃபோனில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தமும் மழையும் கேட்டன. பிறகு லோரியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். தொடர்பு அறுந்தது.

நாங்கள் மாறி மாறி அழைத்துப் பார்த்தோம். எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். விதுஷா அழவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. ஃபோன் அடித்தபோது எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. நான்தான் எடுத்துச் சத்தமாகப் போட்டேன்.

நல்லம்மாதான் பேசினார். ஸ்கூல் படியில் கால் வைக்கும்போது பின்னால் மலை இறங்கிவிட்டதாம். பெரட்டுக்களமே இல்லையாம். ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களாம். குளிரில் நடுங்கிக்கொண்டே, சந்தையில் காய் வாங்கியதைச் சொல்வது போல இதையெல்லாம் சொன்னார். விதுஷா மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஷிபான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஏன்டி அழுவுற? எனக்கு ஒண்ணும் ஆகல்ல," என்றார் நல்லம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஐயா பக்கத்துல இருக்காரா? ஒண்ணு கேட்டுச் சொல்லேன். வேலக்கிப் போகாம ஸ்கூல்லதான் நிக்கிறோம். இன்னைக்கி முழுப் பேரா, அரப் பேரா?"

விதுஷா தலையை நிமிர்த்தினாள். அவள் பார்த்தது என்னையல்ல, அந்த மெஷினை.

"முழுப் பேருதாம்மா," என்றாள்.

"அவருக்குப் புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டு நல்லம்மா ஃபோனை வைத்தார்.