ஜெசிமா நெட்டை நிறுத்தினால் உறையும் கணினி

1. கம்பம் நெட் சென்டரில் இன்று கணினி உறைந்தது.
2. காரணம், ஜெசிமாவின் அவசரம்.
3. நான் செய்த திருத்தம்.

கரண்ட் போனதும், யுபிஎஸ் தாங்காதென்று, அங்கே வேலை பார்க்கும் ஜெசிமா நெட்டை நிறுத்தினார். கணினி உறைந்தது.

“நீ தொட்டாலே படுத்துருது. நாளைலருந்து வராத தாயி” என்றார் கடைக்காரர்.

“நெட்டைத்தானண்ணே நிப்பாட்டுனேன்!” ஜெசிமாவுக்குக் கண் கலங்கியது.

நெட் பார்க்க வந்திருந்த நான், தயங்கியபடியே, கணினியை நெட்டோடு இணைக்கும் மென்பொருளான நெட்வொர்க் டிரைவரின் நிரலைத் திறந்தேன். இணைப்பைச் சோதிக்க அதில் ஒரு டைமர் ஓடுகிறது. நிறுத்தும்போது, டைமர் தன் வேலையை முடிக்கும்வரை டிரைவர் காத்திருக்க வேண்டும். டிரைவரோ காத்திராமல் டைமருக்கான நினைவகத்தைக் காலி செய்கிறது. இல்லாத இடத்தை டைமர் தொட, கணினி உறைகிறது.

காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். ஜெசிமா நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். உறையவில்லை.

“அண்ணே, நாளைக்கு வரவா?”

“வராம? சார்தான் சரி பண்ணிட்டாகள்ல!”

என் இரண்டாவது குறிப்பு தவறு. அவசரப்பட்டது டிரைவர். டிரைவரைப் பராமரிப்பவர்களே, மூன்றாவதான என் திருத்தத்திலும் பிழையிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். ஜெசிமாவிடம் மட்டும் வேண்டாம்.