காமராஜின் காது வைத்தியம்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரர்களில் காமராஜுக்கு இருக்கும் வாய் வேறு யாருக்கும் கிடையாது. மலை ஏற ஏற யாருக்காவது காது அடைத்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வைத்தியம் சொல்வான்: ஒரு ஏலக்காயை மெல்லு, எச்சிலை முழுங்கு, படக்கென்று திறந்துகொள்ளும். திறந்துகொள்ளத்தான் செய்யும். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் பொய்த்ததில்லை. அந்தத் தெம்புதான் அவனைக் கெடுத்தது.

மகள் கார்முகில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். சளி பிடித்து மூக்கொழுகிக்கொண்டிருந்தவள், வலது காது அடைக்கிறது, உள்ளே குத்துகிறது என்று வந்து நின்றாள். அவள் மலைப்பக்கமே போகவில்லை, வீட்டில்தான் கிடந்தாள். அதையெல்லாம் யோசிக்க ஐயாவுக்கு ஏது நேரம்? சட்டைப்பையிலிருந்து ஒரு காயை எடுத்துக் கொடுத்து, முழுங்கிக்கொண்டே இரு என்றான். டாக்டரிடம் காட்டுவோம் என்ற மனைவி அன்னக்கொடியையும், தும்மினால்கூட ஆஸ்பத்திரியா என்று மடக்கிவிட்டான்.

மறுநாள் ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போது பிள்ளை குறுக்கே நின்றது. தள்ளிப் போ என்று கத்தினான். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் அது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. லோடு ஏற்ற நேரமாகிவிட்ட ஆத்திரத்தில் இறங்கிப் போய்க் கன்னத்தில் ஒன்று விட்டான். அவள் அழுதாள்.

அடுத்த நாள் விடிந்தபோது வலி போயிருந்தது.

"பாத்தியா, தெறந்துருச்சு" என்றான். அன்னக்கொடி பிள்ளையின் தலையணையைத் தூக்கிக் காட்டினாள். ரத்தம் கலந்த சீழ். காமராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான்.

காது டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. மலையேறும்போது முழுங்கினால் திறப்பது அதுதான். சளியில் அதன் உள்தோல் வீங்கிவிட்டால் எத்தனை முழுங்கினாலும் திறக்காது. உள்ளே நீர் கோக்கும், கிருமி பெருகும். கிருமியைக் கொல்ல உடம்பு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை அனுப்பும், அந்தச் சண்டையில் வீக்கம் இன்னும் கூடும். செத்ததெல்லாம் சீழாகும். இடம் இல்லாமல் அது முட்டி முட்டி, கடைசியில் செவிப்பறை கிழிந்துவிட்டது. அழுத்தம் போனதால்தான் வலி போயிற்று.

காமராஜ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"நான் ஒரு அறை விட்டேம்மா. அதுலதான் கிழிஞ்சுச்சா?"

எந்தக் கன்னம் என்று அவர் கேட்டார். இடது. கிழிந்தது வலது காது, அப்படியானால் அடியால் இல்லை என்றார். ஓட்டை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், காதில் தண்ணீர் படக் கூடாது, கேட்கும் திறன் முழுசாகத் திரும்புகிறதா என்று பின்னால் சோதித்துத்தான் சொல்ல முடியும். வலிக்கிறது என்ற அன்றைக்கே கூட்டி வந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை அவன் மண்டையில் நின்றது. கூடவே அந்த அறையும் உறைத்தது. கேட்காத பிள்ளையை, கேட்கவில்லை என்று அடித்திருக்கிறோமே!

மருந்து வாங்க அன்னக்கொடி இறங்கிப் போனாள். ஜீப்பு ஸ்டாண்டு ஓரம் வண்டியை நிறுத்தியிருந்தான். பக்கத்து சீட்டில் கார்முகிலின் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. என்ன திங்கிறாய் என்று குனிந்து கேட்டான்.

"ஒண்ணும் திங்கலப்பா. நீதான முழுங்கச் சொன்ன? முழுங்கிக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் தெறக்க மாட்டேங்குது."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போதும் ஆத்தா. அப்பன் சொன்னது தப்பு" என்றான், மெதுவாக.

"என்னப்பா?" என்று அவள் இடது காதைத் திருப்பினாள்.

ஸ்டாண்டிலிருந்த அத்தனை ஜீப்புக்காரர்களும் திரும்பிப் பார்க்க, அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான்.