மூடாத சூட்கேஸ்

ஓர் ஊரை விட்டுக் கிளம்ப எனக்குப் பத்து நிமிடம் போதும். கல்யாண மண்டபத்தை ஒரு வாரம் பத்து நாள் வாடகைக்கு எடுத்து, 'ஏற்றுமதி ரகம், குறைந்த விலை' என்று பேனர் கட்டி பனியன் விற்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இந்த மாதம் தேனி, அடுத்த மாதம் நெல்லூர், அதற்கடுத்து எதுவோ. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு இது நல்ல வேலைதான். துணிமணி, தட்டு, டம்ளர், சின்ன குக்கர், போர்வை எல்லாம் ஒரே பையில் அடங்கிவிடும். உடன் வேலை பார்க்கும் பெண்கள் நான் பை அடுக்குவதை நின்று வேடிக்கை பார்ப்பார்கள். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் அப்பாவிடம் என்பேன். அது பாதிதான் உண்மை.

அப்பாவுக்கு வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. கோவில்பட்டிப் பக்கம் மழை பொய்த்துப்போன ஒரு வருடத்தில் அம்மாவையும், கைக்குழந்தையாக இருந்த என்னையும், அம்மாவுக்குச் சீராக வந்த மெரூன் நிற சூட்கேஸையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர். லைன் வீட்டில் எங்களுக்கு ஒரே அறை. அதிலேயே சமையல், படுக்கை, டிவி, நாங்கள் மூன்று பேர், மழை பெய்தால் வீட்டுக்காரம்மாவின் கோழிகள். அப்பா அந்த அறையையே ஓர் அட்டைப்பெட்டி மாதிரி அடுக்கி வைத்திருந்தார். அரிசி டின்னுக்குள் பருப்பு டின், பருப்பு டின்னுக்குள் கடுகு டப்பா. ரசத்துக்குத் தாளிக்க அம்மா மூன்று மூடி திறக்க வேண்டும்.

அவருடைய வேதம் ஒரே வரி. "காத்துக்கு வாடகை குடுக்கக் கூடாது." கப்பலில் போகும் பெட்டிக்குள் காலியிடம் இருந்தால் அது காற்று, அந்தக் காற்றையும் காசு கொடுத்துத்தான் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கம்பெனியில் கற்ற இந்தப் பாடத்தை அவர் வீட்டிலும் விடவில்லை. தலையணையைக்கூட ஒரு முறை அமுக்கிவிட்டுத்தான் தலை வைப்பார்.

எனக்குக் காது குத்த மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் ஷிப்மென்ட் வந்துவிட்டது. ஷிப்மென்ட் என்பவர் அப்பாவின் முதலாளி என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் வந்தால் அப்பா வீட்டுக்கு வர மாட்டார். ஊரில் என் மாமா, அம்மாவின் அண்ணன், முதல் தேதிக்கென்று வாங்கிக் கட்டிய கிடா மூன்று தேதிக்கும் தப்பித்து, தெருவில் எல்லோரையும் முட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒன்பது வயதில் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனேன்.

நான்காவது முறை தேதி வைத்தபோது அப்பா சொன்னார், "நீங்க முன்னால போங்க. நான் பாத்துட்டு வாரேன்."

அந்தப் 'பாத்துட்டு'க்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். அதோடு, இந்த முறை ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டாள். இதை அப்போது அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பல வருடம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு நாள் பள்ளிக்கூடம் கிடையாது என்பதுதான்.

பேச்சு நின்றதால் எனக்கு வேலை கூடிப்போனது. "ஏட்டி, சோறு போடவான்னு ஒங்கப்பாட்ட கேளு" என்பாள். அப்பா ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். காதில் விழுந்தும் விழாதவர் மாதிரி என் முகத்தையே பார்ப்பார். நான் கேட்ட பிறகுதான், "போடச் சொல்லு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சூட்கேஸில் மூன்று சேலை, எனக்கு மூன்று கவுன், ஒரு துண்டு வைத்து மூடப்போனாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "என்ன தாயி இது, பாதிக்கு மேல காத்துல்லா இருக்கு?" என்று என்னிடம் கேட்டபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மடிப்பு அட்டையை வைத்து ஒவ்வொன்றாக மடித்தார். சேலைகளைச் சுருட்டி, பாலிதீன் கவரில் போட்டு, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அது மூச்சு விடுமுன் ஒட்டினார். பத்து நிமிடத்தில் அம்மாவின் சாமான் அத்தனையும் பெட்டியின் ஒரு மூலைக்குள் போய்விட்டது. மிச்ச இடத்தை, விதைக்காமல் கிடக்கும் வயலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எடம் கெடக்கு. வேற என்ன இருக்குன்னு ஒங்கம்மாட்ட கேளு."

அம்மா போர்வையை எடுத்துக் கொடுத்தாள். கோவில்பட்டிப் பக்கம் போர்வை போர்த்தும் அளவுக்குக் குளிர்ந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா எதற்கு என்று கேட்கவில்லை. போர்வையின் மேல் ஏறி உட்கார்ந்து அதை அப்பளமாக்கினார்.

"இன்னும் எடம் கெடக்கு."

அம்மா குக்கரைக் கொடுத்தாள். "குக்கருக்குள்ளயே எவ்வளவு எடம்" என்று அப்பா சந்தோஷப்பட்டு, அதற்குள் என் கவுன்களைத் திணித்தார். அடுத்து என் பாடப்புத்தகங்கள் வந்தன. அவை அடியில் போயின. அம்மாவின் கல்யாணப் பட்டு வந்தது. அதை மட்டும் அவர் அமுக்கவில்லை. நாலாக மடித்து நடுவில் வைத்தார். ஒவ்வொன்றைக் கொடுக்கும்போதும் அம்மாவின் கை வேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் சுவரில் தொங்கிய கல்யாண போட்டோவைக் கழற்றி, என்னிடம் தராமல், நேராக அப்பாவின் முன்னால் வைத்தாள்.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவரச் சொன்னார்.

"ஃபிரேம் எடத்த அடைக்கும்" என்று, பின்பக்கத்து ஆணிகளை நெம்பி எடுத்து, போட்டோவை மட்டும் பெட்டி மூடியின் துணிக்கு அடியில் செருகினார். வெறும் ஃபிரேமைத் திரும்பவும் சுவரில் மாட்டினார். அதற்குள் இப்போது எங்கள் சுவர் தெரிந்தது.

"மூணு நாள் விசேஷத்துக்கு இதெல்லாம் எதுக்குன்னு அந்த மனுசன் ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் ஊர்லருந்து நாலாம் நாளே திரும்பியிருப்பேன்" என்றாள் அம்மா, அந்த வெங்காய நாளில். அந்தக் கேள்வியை வரவழைக்கத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாளாம். அன்றைக்கு அதைக் கேட்டது வீட்டுக்காரம்மாதான்.

"ஏன் அம்மிணி, காதுகுத்துக்குப் போறீங்களா, ஊட்டையே காலி பண்றீங்களா?"

அம்மா பதில் சொல்லுமுன் அப்பா சொன்னார், "அதெல்லாம் இல்லீங்கக்கா. எடம் இருக்குதில்லீங்களா."

பெட்டியைப் பூட்டியதோடு வேலை முடியவில்லை. கம்பெனியில் ஏற்றுமதிப் பெட்டியை இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள். ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம், ஆகப் பத்து முறை. அப்பா சூட்கேஸை வாசலுக்கு இழுத்துப் போனார். அதை இடுப்புக்குத் தூக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது. முதல் முறை விழுந்ததும் கோழிகள் ஓடின. மூன்றாவது முறை லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. ஐந்தாவதிலிருந்து பிள்ளைகள் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

"பொட்டி ஒடஞ்சா நான் போறது நின்னுரும்னு பாக்காரான்னு ஒங்கப்பாட்ட கேளு" என்றாள் அம்மா.

நான் கேட்டேன். அப்பா எட்டாவது முறை தூக்கியபடி, "இது ஒடையாதுன்னு சொல்லு" என்றார். உடையவில்லை. பத்து முடிந்ததும் நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். பஸ் கண்டக்டர் அதைத் தலைகீழாகத்தான் வைத்தார். பஸ் கிளம்பும்வரை அப்பா ஜன்னலைப் பார்க்கவில்லை, அந்த அம்புக்குறியையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அம்மாவின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஊரில் பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்தது புளித்த மாவு போல எழும்பியது. கட்டில் நிறைந்து தரைக்கும் வழிந்தது. மாமாவின் மனைவி, என் அத்தை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குக்கரை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"குக்கரு எதுக்கு மதினி?"

"எடம் இருந்துச்சு" என்றாள் அம்மா.

அத்தை அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கே உள்ளறையில் ஒரு துணிக்கொடியைக் காலி செய்து கொடுத்துவிட்டாள்.

அப்பா காதுகுத்துக்கு வரவில்லை. கிடாவுக்கு இந்த முறை தப்ப வழியில்லை, எனக்கும் இல்லை. மாமா மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். இரண்டு காதிலும் சீழ் வைத்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டார்கள். நாலு நாள் எட்டாகி, பத்தாகியது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் பேசட்டுமா என்று மாமா அம்மாவிடம் கேட்டார். அம்மா, பார்க்கலாம் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் உள்ளறைக்குள் போன அம்மாவைக் காணோமென்று தேடிப் போனேன். சூட்கேஸைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் புத்தகம். போர்வையின் மேல் முழங்கால். குக்கருக்குள் என் கவுன்கள். பட்டுச்சேலை நாலு மடிப்பாக நடுவில். அப்பாவின் கை போன வழியிலேயே அவள் கையும் போனது. மூடியை அமுக்கினாள். இரண்டு பூட்டும் டக், டக் என்று விழுந்தன. பெட்டியின் மேல்பக்கத்தைக் கையால் ஒரு முறை தடவினாள்.

பிறகு திறந்து அத்தனையையும் தரையில் கொட்டினாள். கொட்டியது போதாதென்று போர்வையைக் காலால் ஓர் எத்து எத்தினாள். அப்போதுதான் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"ஏட்டி, நாளைக்கு ஒங்கப்பாவுக்கு ஃபோன் போடணும். திருப்பூருக்குத் திரும்பலாம்னா பொட்டி மூட மாட்டேங்குதுன்னு சொல்லணும்."

மறுநாள் அப்பாவின் சாப்பாட்டு நேரத்தில் மாமாவின் செல்லில் கூப்பிட்டேன். சொன்னேன். அப்பாவுக்குக் குரலே மாறிவிட்டது. வேலை வந்த குரல்.

"போர்வைய மேல வச்சாளா கீழ வச்சாளா?"

அம்மா வாசல் திண்டில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். சூட்கேஸ் உள்ளறையில் கிடந்தது. "கீழ வச்சாச்சுன்னு சொல்லு" என்றாள்.

"முழங்கால வச்சு அமுக்கச் சொல்லு."

"அமுக்கியாச்சுன்னு சொல்லு." ஒரு கடலையை வாயில் போட்டாள்.

"இப்ப மூடுதா?"

"மூடலன்னு சொல்லு."

வெளியிலிருந்து வந்த மாமா, "நான் வேணா ஏறி ஒக்காரட்டுமா?" என்றார். அம்மா பார்த்த பார்வையில் வந்த வழியே போய்விட்டார்.

கடலைத் தோலைக் கொட்ட அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லித்தரும் மனிதரை ஏமாற்றலாமா? போனை வாயோடு ஒட்டிக்கொண்டேன்.

"அப்பா, பொட்டி நேத்தே மூடிருச்சு. அம்மாவேதான் மூடுனா. பொறகு அவளே தொறந்து கொட்டிட்டா."

அந்தப் பக்கம் யாரோ பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் சர்ரென்று கேட்டது. அது நின்ற பிறகு அப்பா, "ரெண்டு பூட்டும் விழுந்துச்சா?" என்றார்.

"விழுந்துச்சு."

"காத்து இருந்துச்சா?"

"இல்ல."

"சரி. அது அவளுக்கு வராது, நானே வந்து மூடுதேன்னு அம்மாட்ட சொல்லு. நாளைக்கு வாரேன்."

லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தமாகச் சொன்னேன், "அப்பா, மூடிருச்சுன்னுல்லா சொல்லுதேன்."

"கேட்டுச்சு தாயி" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஒரு மஞ்சப்பையோடு வந்து இறங்கினார். கம்பெனியில் அது ஷிப்மென்ட் வாரம். முகத்தில் பாதி சவரம். வெறும் ஃபிரேமுக்கு எதிரில் உட்கார்ந்துதான் அத்தனை நாளும் சாப்பிட்டார் என்று வீட்டுக்காரம்மா பிறகு சொன்னார். வந்தவர் முதலில் என் தாடையைப் பிடித்து இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே லெவல்ல இல்லயே. எடது கால் இஞ்ச் எறக்கம்."

"பக்கத்துல இருந்து அளந்து குடுத்திருக்கணும்" என்றாள் அம்மா.

இருபது நாளுக்கு மேலாகி, அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அப்பா போய் சூட்கேஸுக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். எனக்கு வேலை போய்விட்டது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாயங்காலம் ஆக்கினார்கள். கடைசியில் அதே பெட்டியில், அதே சாமான் எல்லாம் போன பிறகும், ஓரத்தில் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

"எடம் கெடக்கு" என்றார் அப்பா.

அம்மா அவருடைய மஞ்சப்பையை எடுத்து, உள்ளேயிருந்த சட்டையையும் கைலியையும் உருவி, மடிக்காமல்கூட அந்த இடத்தில் வைத்து மூடினாள். அப்பா பெட்டியைக் கீழே போட்டுப் பார்க்கவில்லை. மாமாவும் அத்தையும் வாசலில் காத்திருந்து ஏமாந்தார்கள்.

என் இடது கம்மல் இன்றைக்கும் கால் இஞ்ச் இறங்கித்தான் தொங்குகிறது. திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் எனக்கு ஜன்னலோரம். அப்பா அம்மாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். மூடத் தெரிந்த பெட்டியை அம்மா ஏன் மூட வரவில்லை என்றாள். மூடியது தெரிந்தும் அப்பா ஏன் லீவு போட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தார். இரண்டு பேரில் ஒருவருக்கு விவரம் போதாது என்பது வரை எனக்குத் தெளிவாக இருந்தது. அது யார் என்றுதான், மதுரை வந்து பஸ் மாறும்வரை யோசித்தும் முடிவு செய்ய முடியவில்லை.