ஓட்டைப் பெட்டியும் என் மாமனாரும்

ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவனிடம் ஊரே சேர்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: “ஆயிடுச்சா?” கடையைத் திறக்கும்போது கேட்பார்கள், வாயில் டீ இருக்கும்போது கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கேட்பார். தையல்காரர்களே, வாட்ச் ரிப்பேர்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில் திருவண்ணாமலை தேரடிப் பக்கம் நான் கடை வைத்திருந்தபோது என்னைக் கேள்வி கேட்பதற்கென்றே கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வருவார். அவர் என் மாமனார்.

கெடு

மாமா அங்கே ரைஸ் மில் வைத்திருந்தார். மில் ஓடும்போது எப்படிக் கத்துவாரோ, அப்படித்தான் வீட்டில் தண்ணீர் கேட்பார். அது அவருடைய கோபம் என்று நினைத்து நான் நடுங்குவேன். ஒரே மகளைக் கொடுத்த மாப்பிள்ளை, கல்லாவில் உட்காராமல் பழைய ரேடியோவுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறானே என்பது அவருடைய தீராத குறை. எனக்கோ அந்தத் தவிட்டுப் புழுதியில் உட்காருவதை நினைத்தாலே தும்மல் வரும். ஈயம் உருகும் வாசனை இல்லாமல் என்னால் இருக்க முடியாது ஐயா, அது ஒரு பைத்தியம்.

ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து வந்த டேப் ரெக்கார்டர் ஒன்றைச் சரிசெய்து, தவில் கேசட்டைப் போட்டுப் பெருமையாகக் காட்டினேன். மாமாவுக்குத் தவில் என்றால் உயிர் என்று என் மனைவி கமலா சொல்லியிருந்தாள். அவர் செட்டைத் தூக்கிக் காதோடு வைத்துக் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. “இன்னா மாப்ள இது, டப்பாக்குள்ள கொசு கத்துது! தீபத்துக்கு வருவேன். அதுக்குள்ள உருப்படியா ஒரு சத்தம் காட்டுங்க. இல்லாட்டி கடைய மூடிட்டு மில்லுக்கு வந்துடுங்க!”

அருவாள்

உருப்படியான சத்தம் என்றால் பேஸ்தான், அடிவயிற்றில் போய் உட்காரும் சத்தம். ஆம்ப்ளிஃபயர் நானே கட்டியது இருந்தது. மெட்ராஸுக்குப் போய்ப் பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து, துணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன் பின்னால் இருக்கும் காந்தம் தோசைக்கல் கனம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி புதிதாக வாங்கிய கதிர் அருவாளைக் கால்மாட்டில் சாய்த்து வைத்திருந்தார். பஸ் ஒரு குலுக்கு குலுக்கியதும் அருவாள் ‘டக்’கென்று என் பையில் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் இழுத்தார், வரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்துப் பிரித்தோம். மனுஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். “தம்பி, பையில எந்த சாமிய வச்சிருக்கிறீங்க? காணிக்கையா என் அருவாளக் கேக்குதே!”

காத்து வரும் குழாய்

ஸ்பீக்கரை மட்டும் வைத்து என்ன செய்ய? பெட்டி வேண்டும். அதிலும் ஓட்டை வைத்த பெட்டி. உள்ளே அடைபட்ட காற்று ஒரு குழாய் வழியாக வெளியே வரும்போது அதுவும் ஸ்பீக்கரோடு சேர்ந்து முழங்கும். அதைத் தச்சர் காதர் பாயிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. மூலைக்கு மூலை பசை தடவச் சொன்னேன். ஊதுபத்தியைக் கொளுத்தி, எங்காவது புகை கசிகிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். பாவம், மனுஷன் தாடியெல்லாம் சாம்பலாகப் பார்த்து, கசியவில்லை என்று நிமிர்ந்தார். “அருமை பாய், இப்போ முன்பலகையில் இவ்வளவு பெரிய ஓட்டை ஒன்று போடுங்கள்” என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு பக்கம் மூச்சே போகக் கூடாதுங்கிறீங்க, இன்னொரு பக்கம் தலை போற அளவுக்கு ஓட்டை போடுங்கிறீங்க. பைத்தியம் உங்களுக்கா எனக்கா, அத மட்டும் சொல்லிடுங்க, போட்டுத் தரேன்.”

அடுத்து அந்த ஓட்டைக்குப் பிளாஸ்டிக் குழாய். பைப் கடைக்காரர் முழம் போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு குட்டிக் குழாயில் தண்ணீர் எங்கேயிருந்து எங்கே போகும் என்று கேட்டார். தண்ணீர் இல்லை, காற்றுதான் வரும் என்றேன். “அதுக்கு எதுக்கு சார் காசு குடுத்து வாங்குறீங்க? முனிசிபாலிட்டி குழாய்லயே அதுதான வருது!”

டீ ஆத்திய பெட்டி

முழக்கம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. நீளமாக வைத்துக் கேட்பது, கொஞ்சம் அறுப்பது, மறுபடி கேட்பது. அதிகம் அறுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. அப்படி ஒரு குழாயைப் பாழாக்கி, பைப் கடைக்காரரின் சிரிப்பை இன்னொரு முறை வாங்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு மத்தியானம் சரியான அளவு சிக்கியது. தவில் கேசட்டைப் போட்டேன் பாருங்கள், அடடா! சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. மேஜை மேல் ஸ்க்ரூ எல்லாம் ஊர்வலம் போனது. நான் தனியாக நின்று கைதட்டினேன், வெட்கமே இல்லாமல். பக்கத்து டீக்கடைத் துரை ஓடிவந்தான். அவன் கடையில் கண்ணாடி டம்ளரெல்லாம் கிலுகிலுவென்று ஆடுகிறதாம். “அண்ணே, இனிமே நான் கை வலிக்க டீ ஆத்த வேணாம். டம்ளரை ஸ்டாண்டுல வச்சா போதும், உங்க பெட்டியே ஆத்திடுது.”

உண்டியல்

தீபத்தன்று காலை. மாமா எந்த பஸ்ஸிலும் வந்துவிடலாம். பெட்டிக்கு அடித்த வார்னிஷ் காயவில்லை என்று, கடை வாசலில் வெயில்படும்படி மல்லாக்கப் படுக்க வைத்தேன். ஸ்பீக்கர் முகத்துக்குக் கமலா தைத்துக் கொடுத்த சிவப்புத் துணி. நல்லது நடக்கட்டும் என்று சந்தனமும் குங்குமமும் வேறு வைத்து, பூவும் சுற்றிவிட்டாள். நான் சாப்பிட உள்ளே போனேன். சிவப்புத் துணி, பொட்டு, பூ, மேலே பார்த்த ஓட்டை. தெரு நிறைய வெளியூர் ஜனம். எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை பாருங்கள்!

திரும்பி வந்து பெட்டியை நிமிர்த்தி, ஒருமுறை கேட்டுவிடலாம் என்று கேசட்டைப் போட்டால், தவிலுக்குப் பதில் ‘கடகட கிலுங்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது, மில்லுக் கல்லா நிச்சயம் என்று முடிவே கட்டிவிட்டேன். அணைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி படுக்க வைத்து, குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினேன். சில்லறை! கை நிறையச் சில்லறை, கூடவே ஒரு கற்பூர வில்லை. நான் வெளியே எடுக்கவும், தெருவில் போன ஒரு அம்மாள் நின்று பார்க்கவும் சரியாக இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்து நின்ற முகம் என் மாமனாருடையது. அந்த அம்மாள் அவரையே சாட்சிக்கு இழுத்தார். “பாருங்க பெரியவரே, அண்ணாமலையார் வாசல்ல, பட்டப்பகல்ல, உண்டியல்ல கைய விட்டுட்டு நிக்கிறான்! இவனுக்குப் பொண்ணு குடுத்தவன் எவனோ?”

தொப்பி

துரைதான் என்னைக் காப்பாற்றினான். இது பாட்டுப் பெட்டி என்று கூட்டத்துக்கு அவன் சொல்லிப் புரியவைக்க, சில்லறை முழுவதையும் அந்த அம்மாள் கையிலேயே கொடுத்து, கோயில் உண்டியலில் போடச் சொல்லி அனுப்பினேன். பெட்டியை நிமிர்த்தி, எதிரில் ஸ்டூல் போட்டு மாமாவை உட்காரவைத்து, அதே தவில் கேசட்டைப் போட்டேன்.

மாமா கையை நீட்டி, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் காற்று வந்து மோதியது. அவருடைய தலை ஆட ஆரம்பித்தது, அப்புறம் தொடையில் தாளம். கண்ணில் தண்ணீர். “தொப்பி கேக்குது மாப்ள” என்றார். தவிலில் குச்சியால் அடிக்கும் இடது பக்கத்தைத்தான் சொன்னார். மில் சத்தத்தில் காது போய் வருஷக்கணக்காகிறதாம். கோயிலில் தவில்காரர் கையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாராம். வெளியில் சொல்ல வெட்கம். இத்தனை நாள் கத்தியது கோபமே இல்லை, அவருக்கே அவர் குரல் கேட்க வேண்டாமா! கமலா அழுதுகொண்டே சிரித்தாள். கேசட் முடிந்ததும், தேரடி முழுக்கக் கேட்கும்படி மாமா சொன்னார்: “மில்லுக்கு நீங்க வேணாம் மாப்ள, வேற ஆள் பாத்துக்கிறேன். இதேமாதிரி மில்லுல வைக்க ஒரு பெட்டி பண்ணிக் குடுங்க!”

ஆக, ரைஸ் மில்லிலிருந்து தப்பித்துவிட்டேன், ஆனால் அதற்கு மறுநாளே முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே “ஆயிடுச்சா மாப்ள?” என்று கத்திய மாமனாரிடமிருந்து தப்பிக்கத்தான் வழி தெரியவில்லை.