பூஜைக்குக் கழுவிய கல்

தெரிந்தேதான் அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டேன். தெரியாமல் நடந்தது என்று சொன்னதெல்லாம் பொய்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை.

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அட்டெண்டர் வேலை. ஆஸ்டின் டவுனிலிருந்து சைக்கிளில் போவேன். அங்கே பத்மா மேடம் கல்லாகிப்போன இலைகளை ஆராய்ந்தார். அதில் ஒன்று களிமண் கல். அதன் மேல் ஒரு முழு இலை. சுமாக் என்று ஒரு மரவகையாம், மாமரத்துக்குச் சொந்தம். அதிலும் இது உலகத்தில் எங்கும் இல்லாமல் அழிந்துபோன இனம். சிற்றிலைகளுக்கு நடுவே, காம்பின் இரு பக்கமும் இறக்கை மாதிரி ஓரம். அந்த அடையாளம் அந்த ஒரு கல்லில்தான் இருந்தது. அதைப் படம் பிடித்து, விவரம் எழுதி, புதுப் பெயர் வைக்கப் போகிறார். பூஜை விடுமுறை முடிந்ததும் போட்டோகிராபர் வருவதாக ஏற்பாடு.

முதன்முதல் அதைப் பார்த்தபோது, "கறிவேப்பிலையா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான்!

வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "எங்க ஏழுமலையக் கேளுங்க, ரசத்துல போடலாம்பான்!" பேச்சு கேண்டீன் வரை போயிற்று. டிரைவர் மஞ்சுநாத் என் பெயரையே விட்டுவிட்டு, கன்னடத்தில் கறிவேப்பிலை என்றே கூப்பிட்டான். "ஏனப்பா கரிபேவு, சாம்பார் ரெடியா?"

உங்களுக்கு இது சின்ன விஷயம். வருடக்கணக்கில் கேட்டுப் பாருங்கள்...

ஆயுத பூஜைக்கு முன்தினம் எல்லாவற்றையும் கழுவினேன். சுத்தியல், உளி, தட்டு. கல்லில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே மேடம் சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை. பக்கெட்டில் இறக்கினேன். கையிலேயே கரைந்தது. இலை கருப்பாய், பொடிப்பொடியாய் மேலே மிதந்தது. குங்குமக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தேன்... சாட்சிக்கு!

பெரிய அதிகாரி என்னை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார். மேடம்தான் தடுத்தார். "விடுங்க சார். படிக்காதவன். பூஜைன்னு கழுவிட்டான். அவனுக்கென்ன தெரியும்?"

அந்தப் பேச்சுக்குள் ஒளிந்துகொண்டேன். அதற்காகவே அவரை இன்னும் வெறுத்தேன். எது பெரிது? நான் செய்ததா, தெரிந்தே செய்திருப்பேன் என்று அவர் நம்பாததா?

பிறகு மேடம் அந்தச் சேற்றைச் செய்தித்தாளில் பரப்பி, பிரஷ்ஷால் துழாவினார். இறக்கையில் ஒரு துண்டாவது கிடைத்தால்தான் பெயர் வைக்கலாம்... தலை நிமிராமல் கேட்டார்.

"ஏழுமலை, உண்மையச் சொல்லு. தெரியாமத்தானே செஞ்ச?"

"சாமி சத்தியமா தெரியாது மேடம்."

"சரி. லைட்டக் கிட்டக் காட்டு."

காட்டினேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இலைக்குக் கடைசிவரை பெயர் வரவில்லை. அடுத்த வருடம் மேடம் வேலையை விட்டுப் போனார். நான் பென்ஷன் வரை அங்கேயே இருந்தேன். மேடம் எங்கே இருந்தாலும் என் மேல் அவருக்கு இப்போதும் இரக்கம்தான் இருக்கும்.

அதைத்தான் தாங்க முடியவில்லை!